ஆறு காம்பராவுக்கு ஆறு பெட்டி

எங்கள் லயத்தில் ஆறு காம்பரா. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுதான் லயம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. டிவி இருந்தது மூன்றாவது காம்பராவில், அதாவது என் வீட்டில். தோட்டத்துக்குக் கரண்ட் வந்து சில வருடங்கள் போனபிறகு, கூரைமேல் சட்டி மாதிரி ஒரு அன்டெனாவை மாட்டி, இந்தியாவில் ஓடுகிற நாடகங்களை எல்லாம் இலங்கையில் இருக்கிற எங்கள் கொட்டகலைப் பக்கத்து மலைக்கு இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஏனென்றால் மாலை ஏழு மணிக்கு என் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு டிவி, அதற்குமேல் இடமில்லாத அறை. அதற்குள் ஆறு வீட்டு ஜனமும் வந்துவிடும். முதலில் வருகிறவர்கள் கட்டிலின்மேல். அடுத்து வருகிறவர்கள் தரையில். அதற்கும் பிந்தியவர்கள் கட்டிலுக்கு அடியில் படுத்து, தலையை மட்டும் ஆமை மாதிரி வெளியே நீட்டிக்கொள்வார்கள். என் மனைவி எங்கே என்று கேட்டால், வாசலில் நின்றுகொண்டிருப்பாள். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்து, சமைத்துவிட்டு, தன் வீட்டு நாடகத்தைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கிற பொம்பளை அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் அவள் அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தது. "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கேட்டுப் போனாள். நாலாவது காம்பராவில் இருக்கிற அக்கா, அவளோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஒரு எடத்துல ஒக்காந்து பாரு புள்ள. ஏன் வீடு பூரா நடந்துக்கிட்டே இருக்க."

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு என் மனைவி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஜனங்கள் பேசுவதை மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டது குறைவு, இதில் வைத்துக்கொண்டது அதிகம்.

"தேயிலச் செடிக்கே கவாத்து வெட்டுனா கொஞ்ச நாள் ஓய்வு குடுக்குறாங்க. எனக்கு அதுவும் இல்ல. எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டுல நான் கால நீட்டி ஒக்காரணும். அவ்வளவுதான். தீவாளிக்கு முன்னுக்கு இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி அந்த டிவிய கொழுந்து லொறியில ஏத்தி விட்டுருவேன். நீங்க ஃபேக்டரியில போட்டு வாட்டி எடுத்துக்கங்க."

நான் அந்த ஃபேக்டரியில்தான் வேலை செய்தேன், கொழுந்தை உருட்டுகிற மிஷின் பக்கத்தில். அவள் சொன்னால் செய்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

வராதீர்கள் என்று ஜனங்களிடம் சொல்ல முடியுமா? லயத்தில் அந்தப் பேச்சே கிடையாது. கல்யாணம் என்றால் அவர்கள்தான் பந்தல் போடுவார்கள், சாவு விழுந்தால் அவர்கள்தான் தூக்குவார்கள். நாடகம் பார்க்க வராதே என்று சொல்லிவிட்டு, நாளைக்கு என்னைத் தூக்க வா என்றால் எந்த முகத்தோடு கேட்பது? நானே நடந்துபோய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கவலையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ரேடியோக் கடையில் அந்தச் செட்டைக் கண்டேன். நடுவில் ஒரு கறுப்பு அம்ப்ளிபயர், முன்னால் பச்சை எழுத்து ஓடுகிறது. அதைச் சுற்றிப் பெட்டிகள். கடை முதலாளி சிங்களவர், நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். என்ன இது முதலாளி என்று கேட்டேன்.

"ஹோம் தியேட்டர். அஞ்சு பொடி, ஒண்ணு லொக்கு" என்றார். அஞ்சு சின்னது, ஒன்று பெரியது.

நான் மனதுக்குள் கூட்டினேன். ஆறு. எங்கள் லயத்தில் ஆறு காம்பரா. எனக்கு அந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. ஹட்டன் குளிரில் வேர்த்த ஆளை அதற்குமுன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு பெட்டி. சத்தம் அவரவர் வீட்டுக்கே போய்விட்டால் ஆள் எதற்கு என் வீட்டுக்கு வர வேண்டும்? இந்தச் செட்டைக் கண்டுபிடித்தவன் எங்காவது ஒரு லயத்தில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன். நான் பழைய ரேடியோக்களைக் கழற்றிக் கழற்றித் தானாகப் படித்தவன். அப்படிப் படித்தவனுக்கு ஒரு குறை உண்டு. தெரியாதது எது என்பதே தெரியாது.

மறுநாள் பீலிக்கரையில், தண்ணீருக்குக் குடம் வைத்து நின்ற ஆட்களிடம் விஷயத்தை வைத்தேன். "அடுப்படியில ரொட்டி சுட்டுக்கிட்டே கத கேக்கலாம். யாரும் எங்கயும் போக வேண்டியதில்ல."

"அப்ப படம்?" என்றார் நாலாம் காம்பரா அக்கா.

"படத்துக்கு வாரத்துக்கு ஒருக்கா வந்து மொகத்தப் பாத்துட்டுப் போங்க அக்கா."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினார். "மொகம் என்னாத்துக்கு. அழுவுறவளுக எல்லாருக்கும் ஒரே மொகந்தான். கொரல் தெரிஞ்சாப் போதும்."

அதோடு தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவது காம்பராவில் தனியாக இருந்த கோயில் பூசாரி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். அவர் நாடகம் பார்க்காதவர். அந்த நேரத்தில் தன் வீட்டில் சாமி படங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"பொதுக் காரியம்னா நானும் உண்டு தம்பி. ஆனா என் பெட்டியில சாமி பாட்டு மட்டும் வர்ற மாதிரி பண்ணிக் குடு."

"பண்ணிரலாம் ஐயா" என்றேன். அந்த வாரம் முழுக்க யார் எதைக் கேட்டாலும் பண்ணிரலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு வீடும் கூடிக் காசு போட்டு எடுக்கிற சாமானை ஒருவன் போய் வாங்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். அதனால் என்னோடு அக்காவும், கடைசிக் காம்பராவில் இருக்கிற மாமாவும் ஹட்டனுக்கு வந்தார்கள். மாமா தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர். திருவிழாவானாலும் சாவு வீடானாலும் அவர் அடித்தால்தான் அது நடந்த கணக்கு.

கடையில் மூன்று செட் இருந்தன. முதலாளி வாட் என்றார், சனல் என்றார், பச்சை எழுத்தைச் சிவப்பாக்கிக் காட்டினார். நான் அம்ப்ளிபயரின் பின்பக்கத்தைத் திருப்பி, ஓட்டைகளை எண்ணி, தலையை ஆட்டினேன். பிறகு பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மாமா ஒவ்வொரு பெரிய பெட்டிமேலும் உள்ளங்கையை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அக்கா எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு, அட்டைப் பெட்டியோடு ஒவ்வொரு அம்ப்ளிபயராகத் தூக்கினார்.

"இது நாலு கிலோ. இது நாலரை. இது ஏழு."

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே இருந்த தராசை எடுத்துவந்து ஏழு கிலோ என்று அக்கா சொன்னதை வைத்துப் பார்த்தார். எட்டு காட்டியது.

"எட்டுதான்" என்றார் அக்கா, அசையாமல். "அட்டப் பெட்டிக்கு ஒரு கிலோ கழிச்சிட்டுச் சொன்னேன். எங்களுக்குக் கூடைக்குக் கழிக்கிறாங்கல்ல."

ஒரு நாளைக்கு மூன்று தரம் கொழுந்து நிறுக்கிறவர்கள் முன்னால் தன் கூடையைத் தானே கையால் நிறுத்து வைத்துக்கொள்கிற பொம்பளை அவர். அவர் கைக்குமேல் தராசு இல்லை. ஏழு கிலோவையே எடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஹோம் தியேட்டர் அம்ப்ளிபயர் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்படித்தான், கொழுந்துக் கணக்கில்.

கட்டிக் கொடுக்கும்போது முதலாளி மரியாதைக்குக் கேட்டார். "பெரிய வீடா அம்மா?"

"பெருசுதான்" என்றார் அக்கா. "நல்ல நீளமா இருக்கும்."

"ஹரி ஹரி" என்றார் முதலாளி, சிங்களத்தில் சரி சரி என்று. யாரும் பொய் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா பெரிய பெட்டியை மடியில் வைத்திருந்தார். அவர் முகம் தெரியவில்லை, பெட்டிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருந்தது. இதற்கும் ஒரு டிக்கட் எடுங்க என்றார் கண்டக்டர். பெட்டிக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "மடியில வச்சிக்கிற புள்ளைக்கு என்னைக்குங்க டிக்கட் வாங்குனீங்க?"

யாருக்கு எந்தப் பெட்டி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். நாலு பெட்டி ஒரே மாதிரி. பெரியது ஒன்று. மிச்சம் ஒன்று மட்டும் நிற்காமல் பாண் ரொட்டி மாதிரி நீளவாக்கில் படுத்துக் கிடந்தது. பெரியது மாமாவுக்கே விழுந்தது. படுத்துக் கிடந்தது பூசாரிக்கு. அதை யாரும் விரும்பவில்லை.

"சொகமில்லாத பெட்டி போல" என்றார் பூசாரி. ஆனால் கோபப்படவில்லை. வாங்கிக்கொண்டுபோய் சாமி படங்களுக்கு நடுவில் வைத்து, அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன். எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா உள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக வயரை இழுத்தேன். அடுப்புப் புகை பல வருடமாகப் படிந்த இடம். கீழே இறங்கியபோது என் மனைவி யாருங்க நீங்க என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நாளை மாலை ஏழு மணியைத் தவிர வேறு நினைப்பில்லை.

"டிவில சத்தம் வரக் கூடாது" என்றாள். "வந்தா எல்லாரும் இங்கதான் வருவாங்க. அத மொதல்ல ஊமையாக்குங்க."

ஊமையாக்கினேன்.

திங்கட்கிழமை. அவள் குளித்துவிட்டு, பாயை அறை நடுவில் விரித்தாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் ஒருவரும் வரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு அவள் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள். ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்தப் பெருமூச்சுக்கே அந்தச் செட்டை வாங்கியிருக்கலாம்.

நாடகம் தொடங்கியது. திரையில் மாமியார்காரி வாயைத் திறந்தாள். எங்கள் பெட்டியிலிருந்து வயலின் வந்தது. மருமகள் வாயைத் திறந்தாள். அதற்கும் வயலின்.

"என்னங்க, இவ பேசுறாளா, இல்ல வாயில கம்பிய இழுக்குறாளா?" என்றாள் மனைவி.

நான் பதில் சொல்வதற்குள் நாலாம் காம்பராவிலிருந்து சுவருக்கு மேலாக அக்காவின் குரல் வந்தது. "தம்பி, எனக்கு வயலினு மட்டுந்தான் வருது. யாரு செத்தா?"

முதல் காம்பராவிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கு மழ பேஞ்சிக்கிட்டிருக்கு. எப்ப விடும்?"

ஐந்தாம் காம்பரா: "எங்க பெட்டி ஊம. இருங்க, இருங்க. காக்கா ஒண்ணு கத்துச்சு. அவ்வளவுதான், திரும்ப ஊம."

கடைசிக் காம்பராவிலிருந்து முதலில் ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமா. "மாப்ள, சும்மா சொல்லக் கூடாது. என்னா அடி. நெஞ்சில நேரா வந்து விழுது. கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம், இதே மாதிரி போகட்டும்."

பூசாரி வீட்டிலிருந்து மட்டும் ஆள் குரல் வரவில்லை. எங்கள் வயலின் சத்தத்தில் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்கவும் இல்லை. சற்றுநேரத்தில் அவரே வெளியே வந்து இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, என் வீட்டுல யாரோ ஒரு பொம்பள மருமகளுக்கு வெசம் வைக்கப் போறேன்னு சொல்லுறா. சாமி படத்துக்கு நடுவுல இருந்து சொல்லுறா."

இந்த ஒரு வார்த்தைதான் தாமதம். லயமே இரண்டாம் காம்பராவுக்குள் பாய்ந்தது. பேச்சு முழுக்க அந்தப் படுத்துக் கிடந்த பெட்டியில்தான் வந்துகொண்டிருந்தது. விஷம் வைக்கிறாள் என்று அங்கே கேட்டவர்கள், யார் வைக்கிறாள் என்று பார்க்க என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். பாலில் கலக்குகிறாள் என்று இங்கே பார்த்தவர்கள், என்ன சொல்லிக்கொண்டு கலக்குகிறாள் என்று கேட்க அங்கே ஓடினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இஸ்தோப்பில் முட்டிக்கொண்டவர்கள், போகிறவன் வருகிறவனிடம் "குடிச்சிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டார்கள். நீட்டியிருந்த என் மனைவியின் கால்மேல் மாமா இரண்டு தரம் மிதித்தார், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

நாடகம் முடிந்ததும் அவள் காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் ஒக்காந்து பாத்தாங்க. இன்னைக்கு ஓடி ஓடிப் பாக்குறாங்க. நல்லா முன்னேத்தி விட்டுட்டீங்க."

மூன்று நாள் இப்படியே போனது. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். நான் வயரை மாற்றிக் கொடுத்தேன், சிவப்பைக் கறுப்பில் போட்டேன், கறுப்பைச் சிவப்பில் போட்டேன். காக்கா காம்பரா மாறியதே தவிர, பேச்சு அந்த ஒரு பெட்டியை விட்டு அசையவில்லை. மாறியவர் பூசாரி ஒருவர்தான். கோயிலுக்கு வருகிற பொம்பளைகள் விபூதி வாங்கிக்கொண்டே நேற்று என்ன பேசினார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவரும் ஒரு சொல் விடாமல் சொன்னார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மூத்த மருமக இருக்கால்ல. அவ கொரல்ல ஒரு நடுக்கம் இருக்கு. அவ தப்புப் பண்ணல."

"வந்து பாருங்களேன் ஐயா."

"நான் எப்படி வர்றது? பாக்க மாட்டேன்னு சொன்ன ஆளு." கொஞ்சம் நின்று, "அவ மொகம் எப்படி இருக்கும்?" என்றார்.

நாலாம் நாள் என் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லாமல், செட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் சொருகிக்கொண்டு மலைக்குப் போனாள். திரும்பி வரும்போது எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், யாழ்ப்பாணத்து சேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு ஒரு கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தோம். லயமே சுற்றி நின்றது. அவர் புத்தகத்தில் ஒரு படத்தை விரலால் தொட்டார்.

"இஞ்ச பாருங்கோ. நடுவில ஒராள் இருக்கிறார். அவரைச் சுத்தித்தான் எல்லாப் பெட்டியும். முன்னுக்கு மூண்டு, பின்னுக்கு ரெண்டு. பெரிசை எங்க எண்டாலும் வைக்கலாம். எல்லாம் ஒரே அறைக்குள்ள."

"ஒரே ஆளுக்கா சேர் ஆறு பெட்டி?" என்றார் அக்கா.

"ஓம்."

"அவரு வீட்டுல வேற யாரும் இல்லீங்களா?"

சேர் படத்தைத் திரும்பப் பார்த்தார். "படத்தில இல்லை."

புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் அந்த மனிதனைப் பார்த்தார்கள். நல்ல சோபா, காலுக்குக் கம்பளி, பக்கத்தில் ஒரு ஆத்துமா கிடையாது. மாமாவுக்கு மனசு தாங்கவில்லை. "எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க போல. அதான் பாவம், இத்தன பெட்டி வாங்கி வச்சிருக்காரு."

"சோறு யாரு ஆக்கிப் போடுறா?" என்றார் அக்கா.

சேர் எழுந்து முதல் காம்பராவிலிருந்து ஆறாவது காம்பரா வரை என் வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீர் ஒரு வீட்டுப் பேச்சு, அழுகை, மழை, காகம் எல்லாத்தையும் பிரிச்சு ஆறு குடும்பத்துக்குக் குடுத்திருக்கிறீர்."

"பங்குல ஒரு கொறையும் இல்லீங்க சேர்" என்றார் மாமா, எனக்காக.

சரி, எல்லாவற்றையும் ஒரே காம்பராவில் வைக்க வேண்டும். எந்தக் காம்பரா? எல்லார் கண்ணும் மெதுவாக என் வீட்டு வாசலுக்குத் திரும்பியது. டிவி அங்கேதானே இருக்கிறது. நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கொழுந்து லொறி கண்முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியாது. வாயைத் திறந்தேன். அந்த டிவி மாமியார் மாதிரி எனக்கும் பேச்சு வரவில்லை.

அவள்தான் பேசினாள்.

"சேர், அந்தப் படத்துல இருக்குற ஆளு தனியாத்தான இருக்காரு?"

"ஓம்."

"தனி ஆளு வீட்டுலதான் வைக்கணும்னு போட்டிருக்குன்னா, எங்க லயத்துல தனி ஆளு ஒருத்தர்தான் இருக்காரு."

அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை என்று சேர் சொல்லியிருக்கலாம். அவர் பிளேன்டீயைக் குடித்தார். எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்றார் பூசாரி. அதற்குள் உள்ளே போய் சாமி படங்களை ஒரு பக்கமாக நகர்த்தத் தொடங்கிவிட்டார்.

"டிவியும் கூடவே போகட்டும்" என்றாள் மனைவி.

நான் அவள் பக்கம் நகர்ந்தேன். "நம்ம டிவி, புள்ள."

"நம்ம டிவிதான். யாரு இல்லன்னா? பக்கத்து வீட்டுல இருக்கும். தூரமா?"

அந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, இரண்டாம் காம்பராவில் புத்தகத்தில் இருந்தபடியே பூட்டினேன். படுத்துக் கிடக்கும் பெட்டி டிவிக்குக் கீழே, பொட்டோடு. இரண்டு பக்கமும் இரண்டு. பின்பக்கச் சுவர் என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பொதுவான சுவர், அதில் ஆணி அடித்து இரண்டு. பெரிய பெட்டியை மாமா தன் பக்கத்திலேயே வைத்து, ஒரு கையை அதன்மேல் போட்டுக்கொண்டார். நடுவில் கதிரையில் பூசாரியை உட்கார வைத்தோம். படத்தில் இருப்பவர் கால்மேல் கால் போட்டிருக்கிறார், நீங்களும் போடுங்கள் என்றோம். சாமி எதிரில் இருக்கிறார், முடியாது என்றுவிட்டார். அவரைச் சுற்றித் தரையில் ஐந்து வீட்டு ஜனமும். அந்தப் புத்தகத்து மனிதன் வந்து பார்த்திருந்தால் சோபாவை விற்றுவிட்டு எங்கள் லயத்துக்கே குடிவந்திருப்பான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் என் வீட்டில் நின்றேன். டிவி இருந்த இடத்தில் வெறும் சுவர். மனைவி பாயை விரித்துக்கொண்டிருந்தாள். போவதா இருப்பதா என்று நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"போறதுன்னாப் போங்க" என்றாள், திரும்பாமலே. "கதவச் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டுப் போனேன்.

நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு சத்தம். யார் வாய் அசைந்ததோ அந்த வாயிலிருந்தே பேச்சு வந்தது. மழை பின்னால் பெய்தது. பெய்த அழகில் முதல் காம்பரா பொம்பளை எழுந்து ஓடி, காயப் போட்டிருந்த துணியை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு வந்து, துணி காய்ந்தே இருப்பதைப் பார்த்து, அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துகொண்டாள். மூத்த மருமகள் திரையில் வந்தபோது எல்லாரும் திரையை விட்டுவிட்டுப் பூசாரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குண்டா இருப்பான்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான்.

ஏழேகால் இருக்கும். மருமகள் கையில் பால் தம்ளர். யாரும் பேசவில்லை, வயலினும் நின்றுவிட்டது. அந்த அமைதியில், எங்களுக்குப் பின்னால், மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக இழுத்து, கொஞ்சம் நின்று, திரும்ப நீளமாக. மரம் அறுக்கிற மாதிரி.

எல்லார் தலையும் பின்னால் திரும்பியது.

"பின் பெட்டியில யாரோ கொறட்ட விடுறாங்க" என்றது ஒரு குரல்.

"மாமனாரா இருக்கும்."

"மாமனாரு ஆஸ்பத்திரியில இல்ல இருக்காரு" என்றார் பூசாரி. அவருக்குக் கதை அத்துப்படி.

"அதான் தூங்குறாரு" என்றார் மாமா. "என்னா தெளிவு பாத்தீங்களா. பக்கத்துல படுத்திருக்க மாதிரியே இருக்கு. ஏழு கிலோன்னா சும்மாவா."

நான் மட்டும் பெட்டியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, சுவர் முடிந்து கூரை தொடங்காத அந்த இடைவெளியைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அவள் எனக்குப் பிறகு படுத்து, எனக்கு முன்னால் எழும்புகிறவள். அவள் தூங்குகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

முழங்காலால் நகர்ந்து நகர்ந்து முன்னால் போய், அம்ப்ளிபயரின் திருகை மெதுவாகக் குறைத்தேன்.

"ஏன் தம்பி கொறைக்கிற?" என்றார் நாலாம் காம்பரா அக்கா.

"சூடாகிடும் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். கூடையைக் கையால் நிறுத்துப் பார்க்கிற மாதிரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மாமாவின் முதுகில் ஒன்று வைத்தார்.

"மாமனாரு தூங்கட்டும். வாய மூடிக்கிட்டுப் பாருங்க."